போக வேண்டாம் என்று அரசு எச்சரிக்கும் நாட்டுக்குப் பயணக் காப்புறுதி எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அப்பா 2019 மே 9ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காலமானார். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து மூன்று கிழமைகூட ஆகியிருக்கவில்லை. அதற்குள், ஏப்ரல் 25ஆம் திகதியே, 'அத்தியாவசியப் பயணம் தவிர வேறெதற்கும் இலங்கைக்குப் போக வேண்டாம்' என்று பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் அறிவித்திருந்தது. அண்ணா கனடாவில் இருந்து ஓடிப்போய்க் கொள்ளி வைத்தார். 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு நான் லண்டனில் இருந்து மாமியைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவானது. மாமி அப்பாவின் ஒரே தங்கை. 71 வயது, நீரிழிவும் பிரஷரும் உள்ளவர். "அண்ணாவின்ர அந்தியேட்டிக்கு நான் போகாமல் வேற ஆர் போறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு போவதா விடுவதா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

எனக்கு வங்கிக் கணக்கோடு சேர்ந்து வந்த காப்புறுதி இருந்தது. மாமிக்குத் தனியாக ஒரு வருடாந்தக் காப்புறுதி. இரண்டும் கையில் இருக்கின்றன, பிறகென்ன என்றுதான் நினைத்திருந்தேன். டிக்கெட் எடுப்பதற்கு முதல்நாள் இரவு, ஒரு பார்வை பார்த்து வைப்போம் என்று கையேடுகளைத் திறந்தேன். இரண்டிலும் பொது விலக்குகள் என்ற பகுதியில் ஏறக்குறைய ஒரே வரி: வெளியுறவு அலுவலகம் போக வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குப் போனால் இந்தக் காப்புறுதி செல்லாது. குண்டு வெடித்தால்தான் செல்லாது என்று அதில் இல்லை. காய்ச்சலில் வைத்தியசாலையில் கிடந்தாலும், பெட்டி தொலைந்தாலும், படியில் வழுக்கி விழுந்தாலும் ஒரு சதமும் கிடையாது.

எச்சரிக்கை உள்ள நாட்டுக்குப் போகிற பலர் தவறவிடுவது இதைத்தான். நாங்கள் குண்டை நினைத்துப் பயப்படுகிறோம். அங்கே உண்மையில் நடப்பது சுகர் ஏறுவதும், வயிற்றோட்டமும், ஆட்டோவில் இருந்து இறங்கும்போது கால் பிசகுவதும். அவற்றுக்கான காப்பும் சேர்த்துத்தான் போய்விடுகிறது. கீழே உள்ளதையெல்லாம் அந்த நினைப்போடு வாசியுங்கள். நான் பிரித்தானியாவில் வாழ்பவர்களுக்கான முறையைச் சொல்கிறேன். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்குப் பொருந்துவதை இடையில் சொல்கிறேன்.

1. எச்சரிக்கையை வரிக்கு வரி வாசியுங்கள்

செய்தியில் கேட்டது, வட்ஸ்அப்பில் வந்தது எதுவும் போதாது. அரசின் இணையத்தளத்தில் அந்த நாட்டுக்கான பயண ஆலோசனைப் பக்கத்துக்கே போங்கள். பிரித்தானியா இரண்டே படிநிலைகளில் எச்சரிக்கும். ஒன்று, 'ஆல் பட் எசென்ஷியல் ட்ராவல்': அத்தியாவசியப் பயணம் தவிர மற்றெல்லாம் வேண்டாம். மற்றது, 'ஆல் ட்ராவல்': எந்தப் பயணமும் வேண்டாம். கவனமாக இருங்கள், கூட்டங்களைத் தவிருங்கள் என்பதுபோல அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற வரிகள் பொதுவாகக் காப்புறுதியைத் தொடுவதில்லை. காப்புறுதிக்காரர் பார்ப்பது இந்த இரண்டு சொற்றொடர்களைத்தான்.

அடுத்து, எச்சரிக்கை முழு நாட்டுக்குமா, ஒரு பகுதிக்கு மட்டுமா என்று பாருங்கள். பக்கத்தில் நிறம் தீட்டிய வரைபடம் இருக்கும். இந்தியாவுக்குப் போக எந்தத் தடையும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் ஜம்மு காஷ்மீரின் பெரும்பகுதி பல வருடங்களாக 'ஆல் ட்ராவல்' பட்டியலில் இருக்கிறது. ஸ்ரீநகரும் அதில் அடக்கம். அமர்நாத் யாத்திரைக்குப் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சென்னையில் இறங்கிக் காஞ்சிபுரம் போகும்வரை செல்லுகிற காப்புறுதி, பஹல்காம் அடிவாரத்தில் செல்லாமல் போய்விடும். ஒரே பயணம்தான், இடத்துக்கு இடம் நிலைமை மாறும்.

நீங்கள் எந்த நாட்டில் வாழ்கிறீர்களோ, எந்த நாட்டில் காப்புறுதி வாங்கினீர்களோ, அந்த நாட்டு அரசின் எச்சரிக்கைதான் கணக்கு. ரொறன்ரோவில் இருப்பவருக்குக் கனடா அரசின் பட்டியல். அதில் நான்கு படிநிலைகள் உண்டு. மேலே உள்ள இரண்டும், அதாவது 'அவசியமற்ற பயணம் தவிர்க்கவும்', 'எல்லாப் பயணமும் தவிர்க்கவும்' என்பவைதான் காப்புறுதியைப் பாதிப்பவை. ஆஸ்திரேலியாவின் ஸ்மார்ட் ட்ராவலர் பக்கத்திலும் நான்கு படிநிலைகள். லண்டன் தம்பிக்கும் ரொறன்ரோ அக்காவுக்கும் ஒரே வாரத்தில் ஒரே ஊருக்கு வேறு வேறு பதில் வரலாம் என்பதால், குடும்பமாகச் சேர்கிறவர்கள் ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் முடிவு எடுக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்தைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். டிக்கெட் எடுக்கும் நாளில் ஒன்று, காப்புறுதி வாங்கும் நாளில் ஒன்று, புறப்படும் நாளில் ஒன்று. பக்கம் மாறினால் மின்னஞ்சல் வருவதற்கும் அங்கேயே பதிந்துகொள்ளலாம்.

2. கையில் இருக்கும் காப்புறுதி எந்த வகை?

புதிதாக வாங்க ஓடுவதற்கு முன் பழையதைத் திறந்து பாருங்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நீளமான கையேட்டைத் திறவுங்கள். பிடிஎஃப் என்றால் 'எஃப்.சி.டி.ஓ' என்று தேடினால் உரிய வரி வந்துவிடும். வெளியுறவு அலுவலகத்துக்கு 2020 செப்டம்பரில் இருந்து அதுதான் பெயர்ச்சுருக்கம். பழைய கையேடுகளில் 'எஃப்.சி.ஓ' என்று இருக்கும், அதையும் தேடுங்கள்.

அந்த வரி மூன்று விதமாக இருக்கலாம். முதலாவதுதான் அதிகம்: எச்சரிக்கை உள்ள இடத்தில் நீங்கள் இருக்கும்வரை எதற்குமே காப்பு இல்லை. எங்கள் இரண்டு கையேட்டிலும் இருந்தது இதுதான். இரண்டாவது கொஞ்சம் இரக்கமானது: எச்சரிக்கைக்குக் காரணமான விடயத்தால் வரும் இழப்புக்கு மட்டும் காப்பு இல்லை. கலவரத்துக்காக எச்சரித்திருந்தால் கலவரத்தில் பட்ட காயத்துக்குப் பணம் இல்லை, குடல்வால் வெடித்தால் உண்டு. மூன்றாவது, அத்தியாவசியப் பயணத்தை மட்டும் விலக்கில் இருந்து விடுவிப்பது. முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கினால் காப்பு தொடரும் என்று சில கையேடுகளில் இருக்கும்.

இந்த மூன்றாவதில்தான் ஒரு சிக்கல். அத்தியாவசியம் எது? வெளியுறவு அலுவலகம் அதற்கு வரைவிலக்கணம் தருவதில்லை. உங்கள் பயணம் அத்தியாவசியமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறது. சாவு வீடு, தாய் தகப்பனின் கடும் வருத்தம், அவசர வேலை எல்லாம் உங்கள் கணக்கில் அத்தியாவசியமாக இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்கிறவர் உங்கள் கணக்கை ஏற்க வேண்டியதில்லை. அந்தியேட்டி என்றால் என்ன என்று, காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்த ஒரு பிள்ளைக்கு நான் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார், அனுதாபம் சொன்னார். கடைசியில், "எங்கள் கையேட்டில் அத்தியாவசியம், அத்தியாவசியமில்லை என்ற வேறுபாடே இல்லை, இரண்டுக்கும் காப்பு இல்லை" என்றார். அவரில் பிழை இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில்தான் கேட்டேன்.

3. இப்படிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

காப்புறுதி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், "நான் இலங்கைக்குப் போகலாமா?" என்று கேட்க வேண்டாம். "தாராளமாகப் போகலாம்" என்று பதில் வரும். போகலாம் என்பது வேறு, காப்பு உண்டு என்பது வேறு. எச்சரிக்கை உள்ள நாட்டுக்குப் போவது சட்டப்படி குற்றமே இல்லை. எனவே கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்:

- இந்தத் திகதியில், இந்த ஊருக்கு, இந்த எச்சரிக்கை இருக்கும்போது, எச்சரிக்கையோடு தொடர்பில்லாத ஒரு வருத்தத்துக்கு நான் வைத்தியசாலையில் சேர்ந்தால் பணம் தருவீர்களா?
- என்னை அங்கிருந்து வைத்தியத்துக்காக இங்கே கொண்டுவர வேண்டி வந்தால் அந்தச் செலவு அடங்குமா?
- எச்சரிக்கையைப் புறப்படும் நாளில் பார்ப்பீர்களா, சம்பவம் நடக்கும் நாளில் பார்ப்பீர்களா?
- நான் அங்கே இருக்கும்போது எச்சரிக்கை கூடினால் என்ன நடக்கும்?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால், "இன்று இத்தனை மணிக்கு இன்ன இன்னதைச் சொன்னீர்கள், பிழையென்றால் திருத்துங்கள்" என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கதைத்தவரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

4. எச்சரிக்கையை மீறியும் காப்பு தருகிறவர்களைத் தேடுவது

அப்படித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்தியாளர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் போய்த்தானே வருகிறார்கள்? பிரித்தானியாவில் பேட்டில்ஃபேஸ், ஹை ரிஸ்க் வொயேஜர், கேம்பெல் எர்வின் போன்ற பெயர்கள் இந்த வகையில் அறியப்பட்டவை. சாதாரண விலை ஒப்பீட்டுத் தளங்களில் தேடிக் களைக்க வேண்டாம், அங்கே பெரும்பாலும் சாதாரணக் காப்புறுதிதான் வரும். பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கமான பீபாவை அழைத்து, எந்த நாடு, எந்த எச்சரிக்கை, எத்தனை வயது என்று சொன்னால் பொருத்தமான தரகரைக் காட்டுவார்கள். எங்களுக்குக் கடைசியில் கை கொடுத்தது ஒரு தரகர்தான்.

விலை சாதாரணக் காப்புறுதியைவிடக் கூட இருக்கும். அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, இருப்பதிலேயே மலிவானதை அழுத்திவிட வேண்டாம். இவை ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடும். நான் பார்க்கச் சொல்வது இவற்றை.

முதலில் படிநிலை. சிலர் 'ஆல் பட் எசென்ஷியல்' வரை மட்டும் காப்பு தருவார்கள், 'ஆல் ட்ராவல்' என்றால் மாட்டார்கள். சிலர் நாடு நாடாகப் பட்டியல் வைத்திருப்பார்கள். நீங்கள் இறங்கும் ஊர்மட்டும் போதாது. கால் வைக்கப்போகும் எல்லா ஊரையும் சொல்லி உறுதி செய்யுங்கள்.

அடுத்தது போரும் பயங்கரவாதமும். இந்த இரண்டையும் கையேடுகள் தனித்தனியாகப் பார்க்கும். பயங்கரவாதத் தாக்குதலில் காயப்பட்டால் வைத்தியச் செலவு உண்டு, போர் என்றால் இல்லை என்று பலவற்றில் இருக்கும். சிலவற்றில் நீங்கள் சண்டையில் பங்கெடுக்காதவரை போரிலும் வைத்தியச் செலவு உண்டு. அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்களை ஏறக்குறைய எல்லோரும் விலக்குவார்கள்.

மூன்றாவது வைத்தியச் செலவும் திருப்பிக் கொண்டுவரும் செலவும். இதுதான் முழுக் காப்புறுதியின் உயிர். 20 இலட்சம் பவுண்சுக்குக் குறைந்ததை நான் வாங்க மாட்டேன். தொகையை மட்டும் பார்க்காமல், 24 மணி நேர அவசர உதவி நிறுவனம் எது, அந்த நாட்டில் அவர்களுக்கு ஆட்கள் உண்டா என்றும் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவில் நெஞ்சுவலி வந்தால் அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று யோசிக்கத் தெரிந்தவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டும்.

பயணத்தை இரத்துச் செய்தால் பணம் திரும்பும் என்ற பகுதி இந்த வகைக் காப்புறுதியில் பெரும்பாலும் இருக்காது, அல்லது மிகச் சிறிதாக இருக்கும். எச்சரிக்கை ஏற்கெனவே தெரிந்த விடயம் என்பதால் அதைக் காரணம் காட்டி இரத்துச் செய்ய முடியாது. சரி, அதை விடுங்கள். டிக்கெட் பணம் போனால் தாங்கலாம், வைத்தியசாலைப் பணம் தாங்க முடியாது. டிக்கெட்டை மட்டும் திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

இடைத்தரிப்பையும் மறக்க வேண்டாம். இலங்கைக்கு நாங்கள் பெரும்பாலும் டோஹா, துபாய், அபுதாபி வழியாகத்தான் போய் வருகிறோம். 2025 ஜூன் 23ஆம் திகதி கத்தார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது விமானங்கள் வழியிலேயே திருப்பப்பட்டன. போகிற நாட்டில் அமைதி, மாறுகிற விமான நிலையத்தில் எச்சரிக்கை என்ற நிலைமையும் வரலாம். விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்து மாறினால் என்ன, வெளியே போய் ஹோட்டலில் தங்கினால் என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஈரான், சிரியா, ரஷ்யா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் பொருளாதாரத் தடை பற்றிய விதியையும் பார்க்க வேண்டும். காப்பு இருந்தும், அங்குள்ள ஒரு வைத்தியசாலைக்குப் பணம் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காமல் போகலாம்.

கடைசியாக, விற்கிறவரின் பெயரை எஃப்.சி.ஏ என்னும் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு மாதத்துக்குக் குறைந்த பயணக் காப்புறுதிக்கு, 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை கிடையாது என்பதால், வாங்கிய பிறகு யோசிக்க இடமில்லை.

5. வருத்தங்களை மறைக்காதீர்கள்

எங்களை அதிகம் அலைக்கழித்தது எச்சரிக்கை இல்லை, மாமியின் நீரிழிவு. நான் முதலில் கண்ட சிறப்புக் காப்புறுதி ஒன்று எனக்கு நொடியில் விலை சொன்னது. மாமிக்கும் அதே விலையைச் சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஏற்கெனவே உள்ள எந்த நோய்க்கும், அதனால் வரும் எதற்கும் காப்பு இல்லை. 71 வயதில் நீரிழிவோடு தொடர்பில்லாத வருத்தம் என்று எதைப் பிரித்துச் சொல்வது?

தரகர் மூலம் கிடைத்ததில் வைத்தியக் கேள்விகள் இருந்தன. இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மாமியின் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் நான் வாசிக்க, மாமி எந்த வருடம் தொடங்கியது என்று சொல்லச் சொல்லப் பதிந்தோம். கடைசி மாத்திரைக்கு வந்ததும், "இது கொலஸ்ட்ரோலுக்கு, இதைச் சொல்லத் தேவையில்லையே" என்றார். சொல்லத்தான் வேண்டும். 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது வாங்குகிறவரின் கடமை. தவறினால் தொகையைக் குறைப்பார்கள், அல்லது முழுதாக மறுப்பார்கள். உங்கள் ஜிபி (குடும்ப வைத்தியர்) தரும் மருந்துப் பட்டியலை அச்செடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பதில் சொல்வது நல்லது. நினைவில் இருந்து சொல்ல வேண்டாம்.

கடுமையான நோய் உள்ளவர்களுக்குக் காப்பு தரும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று, பண விடயங்களில் ஆலோசனை தரும் மணிஹெல்ப்பர் இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் உள்ளவர்களை அழைத்து எச்சரிக்கை பற்றிய கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் ஏற்பவர் கிடைப்பது கடினம், ஆனால் தேடினால் கிடைக்கிறார்.

6. புறப்படும் முன்னும், போய் இறங்கிய பிறகும்

காப்புறுதி இலக்கம், அவசரத் தொலைபேசி இலக்கம், மருந்துப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதி மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று கூட வருபவரிடம், ஒன்று ஊரில் உள்ள உறவினரிடம். உறவினருக்கு ஒரு விடயத்தைச் சொல்லி வையுங்கள்: வைத்தியசாலையில் சேர்ப்பதற்கு முன்போ சேர்த்த உடனேயோ அந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அழைக்காமல் பெரிய செலவு செய்தால் பிறகு தகராறு வரும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமையும் வைத்திருப்பவருக்கு இலங்கைக்குள் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயம் பொதுவாக உதவுவதில்லை. அப்போது உதவிக்கு நிற்பது இந்தக் காப்புறுதியின் அவசர இலக்கம் மட்டும்தான்.

நாங்கள் மே 30ஆம் திகதி புறப்பட்டோம். ஜூன் 6ஆம் திகதி எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஜூன் 8ஆம் திகதி கீரிமலையில் அந்தியேட்டி. கிரியை முடிந்து கேணியில் முழுகிவிட்டு ஏறும்போது, பாசி பிடித்த படியில் மாமி வழுக்கினார். இடது மணிக்கட்டு. ஈரச் சேலையோடு அவரை வான் வண்டியில் ஏற்றும்போதே மச்சான் பொக்கெற்றில் இருந்த தாளை எடுத்து அழைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் எந்தத் தனியார் வைத்தியசாலைக்குப் போவது என்று மறுமுனையில் இருந்தவரே சொன்னார். எக்ஸ்ரே, பிளாஸ்டர், ஒரு இரவு தங்கல், திரும்பும்போது விமானத்தில் கை நீட்ட இடமுள்ள இருக்கை. முதலில் நாங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை போக மீதி எல்லாம் கிடைத்தது.

எச்சரிக்கைதான் நீங்கியிருந்ததே, பழைய வருடாந்தக் காப்புறுதியிலும் கேட்டிருக்கலாமா? லண்டன் வந்த பிறகு அழைத்துக் கேட்டேன். புறப்பட்ட நாளில் எச்சரிக்கை இருந்ததால் அந்தப் பயணம் முழுவதற்குமே காப்பு இல்லை என்றார்கள். மூன்றாவது கேள்வியை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

7. டிக்கெட் எடுத்த பிறகு எச்சரிக்கை வந்தால்

2020 மார்ச் 17ஆம் திகதி உலகம் முழுவதற்குமே அவசியமற்ற பயணம் வேண்டாம் என்று பிரித்தானியா சொன்னபோதும், 2022இல் இலங்கை நெருக்கடியின்போது மறுபடி எச்சரித்தபோதும் பலர் செய்த பிழை, எச்சரிக்கை வரும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டுத் தாங்களாகவே இரத்துச் செய்தது. எச்சரிக்கை வரும் முன் பயத்தில் இரத்துச் செய்தால் காப்புறுதி அதை 'போக விருப்பமில்லை' என்றுதான் எடுக்கும்.

விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒன்றாக வாங்கிய பொதிச் சுற்றுலா என்றால் உங்களுக்குப் பலம் அதிகம். தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமை போகும் இடத்தில் இருந்தால், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். வெளியுறவு அலுவலகத்தின் எச்சரிக்கை அதற்கு வலுவான ஆதாரம். விமான டிக்கெட் மட்டும் எடுத்திருந்தால், விமானம் இரத்தாகாமல் பறக்கிறது என்றால் பணம் திரும்பும் உரிமை இல்லை. திகதி மாற்றக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். காப்புறுதியில் இரத்துப் பகுதி இருந்தால், அதை வாங்கிய நாளிலும் டிக்கெட் எடுத்த நாளிலும் எச்சரிக்கை இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். முதல் படியில் பிடித்து வைத்த படங்கள் இங்கே உதவும்.

நீங்கள் அங்கே இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், பல காப்புறுதிகள் தொடர்ந்து காப்பு தரும். ஆனால் முடிந்த விரைவில் வெளியேற வேண்டும் என்பார்கள். அன்றே அழைத்துக் கேளுங்கள். விமானம் கிடைக்காமல் தங்க நேர்ந்தால், தேடியதற்கான ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள்.

8. பணம் தர மறுத்தால்

எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று பக்க எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு முறைப்பாடு என்று தலைப்பிட்டே மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தச் சொல் இருந்தால் அது முறைப்பாடு என்பதில் குழப்பம் வராது. எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, நிதிக் குறைதீர்ப்பாளர் சேவைக்கு (ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மன் சேர்விஸ்) போகலாம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், திகதியோடு பிடித்த படங்கள், கதைத்தவரின் பெயர் எல்லாவற்றையும் நாள் வரிசையில் அடுக்கிக் கொடுங்கள்.